பலகையில நாலு ஓட்டை

அந்தத் துணி மேல வைக்காதீங்க தம்பி, அது எண்ணெய்த் துணி. இந்தக் கட்டில்ல வைங்க. பெட்டியப் பூராம் பிரிச்சுப் பரப்பிருவோம், வெயிலு இங்கிட்டுத்தான் நல்லா விழுகுது. கடையில லைட்டப் போட்டுப் பாத்தா எல்லா மீட்டரும் அழகாத்தான் இருக்கும். பறந்து மேல போனா லைட்டா இருக்கு, மூஞ்சிக்கு நேரா சூரியந்தான். அந்த வெளிச்சத்துல முள்ளு தெரியணும்.

அட, உங்கள நம்பாமச் சொல்லல. கோச்சடையிலருந்து எழுமலைக்கு இம்புட்டுத் தூரம் கார்ல பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, நம்பாம இருப்பேனா. மலையம்மாதான போன் போட்டா? தெரியும் தெரியும். நான் கொரியர்ல வந்ததயெல்லாம் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கேன்னு என் சம்சாரத்துக்கு ஒரே கோவம். இனிமே கொரியர் கிரியர்லாம் ஆகாது, அந்த சாய்ராம் தம்பியவே நேர்ல வரச் சொல்றேன், மூஞ்சிக்கு நேரா எது வேணாங்கிறீகன்னு பாக்குறேன்னுட்டா. இப்பப் பாருங்க, காலையிலருந்து அடுப்படிய விட்டு வெளிய வரல. கோழி அடிச்சிருக்கா. சாப்பிடாம உங்கள விடமாட்டா.

நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன், எனக்கு இந்த ஷெட்டுக்குள்ள உக்காரவே வராது. மொதல்ல பிளேனப் பாருங்க, போட்டோவுல பாத்தது வேற. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. உள்ள பூராம் மரம், மேல துணி. நூறு வருசத்துக்கு முந்தி வெளிநாட்டுக்காரன் அவனவன் தோட்டத்துக் கொட்டாய்ல கட்டிப் பறந்த தினுசு. றெக்க தலைக்கு மேல ஒண்ணே ஒண்ணு. கண்ணாடிக் கூண்டெல்லாம் கெடையாது, ஆள் உக்கார ரெண்டு குழி, அம்புட்டுத்தான். தலை வெளியதான் இருக்கும். என்ஜின் நம்ம ஜிப்ஸி ஜீப்பு என்ஜின், பெல்ட் போட்டு வேகத்தக் கொறச்சுக் காத்தாடிக்குக் குடுத்திருக்கேன். விமானப்படையில என்ஜின் பிட்டராத்தான தம்பி தலை நரைச்சேன், என்ஜின் எனக்கு ஒரு சங்கதியே இல்ல.

இந்தத் தையலப் பாருங்க. ஒவ்வொரு கட்டையிலயும் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டுனது. அது பூராம் மலையம்மா கை. எழுமலை பஜார்ல டெய்லர் கடை வச்சிருக்கால்ல, பிளவுஸ் தைக்கிற கையி. றெக்க தச்ச வருசம் ஊர்ல முக்காவாசிப் பொம்பளைகளுக்குத் தீவாளி ஜாக்கெட் கெடைக்கல. கடைக்கு வந்து சண்டை போட்டுட்டுப் போனாளுக. அதனால பாதி பிளேன் என்னோடதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவா. நியாயந்தான், நான் மறுத்துப் பேசுறதில்ல.

இந்தா, இங்க குனிஞ்சு பாருங்க. ஓட்டுறவன் பின் சீட்டுல உக்காருவான். முன் சீட்டு கூட வாரவுகளுக்கு. எனக்கு முன்னால இந்தப் பலகை. இதுல நாலு ஓட்டை போட்டு வச்சிருக்கேன். ஆயில் பிரஷருக்கு ஒண்ணு, ஆயில் சூட்டுக்கு ஒண்ணு, தண்ணிச் சூட்டுக்கு ஒண்ணு, என்ஜின் சுத்துறதுக்கு ஆர்பிஎம் மீட்டர் ஒண்ணு. ஒசரம் காட்டுறது, வேகம் காட்டுறதெல்லாம் போன மாசம் வந்து தனியா ஒரு ஓரமா மாட்டியாச்சு. அதுல எனக்கு ஒரு வம்பும் இல்ல. இந்த என்ஜின் மீட்டருதான் அமைய மாட்டேங்குது.

அவசரம் என்னன்னா, பறக்குறதுக்கு அனுமதிப் பேப்பர் வந்துருச்சு. எம்புட்டு நாளா எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, கடைசியில வந்துருச்சு. வந்த அன்னைக்கே மலையம்மா காலண்டரக் கிழிக்காத குறையா பொரட்டி, வார ஞாயித்துக்கெழம நல்ல நாளுன்னு குறிச்சுட்டா. மொத சுத்து நான் மட்டும் போயி எறக்கணும், அடுத்த சுத்துல முன் சீட்டுல அவ. கண்மாயும் காஞ்சு கெடக்கு, ஓடுறதுக்கு அதவிட நல்ல எடம் எங்க இருக்கு. நேத்துக் கேக்குறா, பேப்பர் இருக்கு, பெட்ரோல் இருக்கு, நாள் இருக்கு, இன்னும் என்னங்க பாக்கின்னு. மீட்டர் பாக்கின்னேன். அந்த நிமிசந்தான் உங்களுக்குப் போன் போட்டா.

அந்த ஸ்கிரீன மொதல்ல உள்ள வைங்க. ஒரே ஸ்கிரீன்ல எல்லாம் வரும், கலர் கலரா வரும், சரி. வேணாம். பட்டுவேட்டி கட்டுன மாப்ளைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டி விட்ட மாதிரி இருக்கும் இந்தப் பிளேன்ல அது. இல்ல, அழகுக்காக மட்டும் சொல்லல. வெயில்ல கொண்டாங்க, இங்க நில்லுங்க, இப்ப என்ன தெரியுது? உங்க மூஞ்சிதான் தெரியுது. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டா நான் பிளேன் ஓட்டுறது.

சரி, அந்தக் கறுப்பு மூஞ்சி, பித்தளை வளையம் போட்டத எடுங்க. இதுதான் மலையம்மா போன்ல பாத்து ஆசைப்பட்டது. அழகுன்னா அழகு. வெள்ளை நம்பரு, மெல்லிசா முள்ளு. இந்த ஆயில் பிரஷர்ல ரெண்டு தினுசு சொன்னீங்கள்ல. ஒண்ணு, செம்பு டியூப் வழியா ஆயிலே நேரா மீட்டருக்கு வாரது. இன்னொண்ணு ஒயரு. டியூப்பு உண்மையச் சொல்லும். ஆனா கொதிக்கிற ஆயில என் முழங்கால் வரைக்கும் கொண்டாந்து நிப்பாட்டணும். அதிர்வுல எங்கயாச்சும் கீறல் விட்டுச்சுன்னா தொடையில ஆயில் அபிஷேகந்தான். ஒயருன்னா அந்தப் பயம் இல்ல. ஆனா ஒயர் கழண்டா முள்ளு பொத்துன்னு சைபருக்கு விழுந்துரும். என்ஜின் பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டிருக்கும், மீட்டரு செத்துப்போச்சுன்னு சொல்லும். அப்ப நான் எத நம்புறது? மீட்டர நம்பி வயக்காட்டுல எறக்கவா, காத நம்பிப் போய்க்கிட்டே இருக்கவா? ரெண்டும் ஒரு நாளு பொய் சொல்லத்தான் செய்யும். எந்தப் பொய்ய நம்மளால தாங்க முடியும்னுதான் யோசிக்க வேண்டியிருக்கு.

ஓ, செம்பு டியூப்புக்குப் பதிலா கம்பிப் பின்னல் போட்ட ஓஸ் பைப்பா. கையோட கொண்டாந்திருக்கீங்களா. என்ஜின் வாயில மாட்டுற நட்டுல ஊசி முனை ஓட்டைதானா, ஒடைஞ்சாலும் சொட்டுச் சொட்டாத்தான் வருமா. ம். நல்ல ஏற்பாடுதான். நான் இத எதிர்பாக்கல. சரி, ஓரமா வைங்க. வேணாம்னு சொல்லல, ஓரமா வைங்க.

என்னமோ சத்தம் கேட்டுச்சே. தகரந்தான். காத்துக்கு அப்படித்தான் அடிக்கும், மேல ஒரு கல்லத் தூக்கி வைக்கணும்.

இந்த ஆர்பிஎம் மீட்டரு எட்டாயிரம் வரைக்கும் போட்டிருக்கு. என் என்ஜின் ஐயாயிரத்தத் தாண்டாது. அப்ப முள்ளு பறக்குறப்ப எங்க நிக்கும்? இந்தா, இந்தச் சாய்வுல நிக்கும். நான் என்ன நெனைக்கிறேன்னா, சரியா ஓடுறப்ப நாலு முள்ளும் நட்டுக்குத்தலா மேல பாத்து நிக்கணும். படையில அப்படித்தான் பழக்குவாங்க. நம்பரப் படிக்க நேரம் இருக்காது, ஓரக்கண்ணால பாக்குறப்ப எல்லா முள்ளும் வெறைப்பா நின்னா நல்லாருக்கு, ஒண்ணு சாஞ்சா வெவகாரம். அதுக்கு மீட்டரையே ஓட்டைக்குள்ள திருப்பி மாட்டணும். மாட்டுனா நம்பரெல்லாம் கோணக்க நிக்கும். அதுக்கு மலையம்மா ஒத்துக்க மாட்டேங்குறா. கல்யாணப் பத்திரிக்கையத் தலகீழா ஒட்டுன மாதிரி இருக்குங்கிறா. அவளுக்கு நேரா நிக்கணும், எனக்கு முள்ளு நிக்கணும். இதுலயே ரெண்டு வாரம் பேச்சு வார்த்த இல்லாம இருந்தோம்.

அப்படியா. மூஞ்சித் தகடு மட்டும் தனியாக் கழட்டித் திருப்பலாமா. நம்பரு நேரா நிக்கும், முள்ளும் மேல நிக்கும். எங்க, காட்டுங்க. சின்ன ஸ்க்ரூதான். நல்லாத்தான் இருக்கு. இத நீங்க அவகிட்டச் சொல்லலையே? சொல்லிட்டீங்களா, போன்லயே. ம்.

சரி விடுங்க, தண்ணிச் சூடு. அதுலதான் நெசமான சிக்கலு. ரேடியேட்டர் அங்க மூக்குல இருக்கு, பலகை இங்க பின்னால. மீட்டரோட ஒட்டிக்கிட்டே வருமே ஒரு மெல்லிசுக் குழாய், அத நறுக்கவும் முடியாது, சேத்து நீட்டவும் முடியாது, நறுக்குனா உள்ள இருக்குற சரக்கு போயிரும், மீட்டரு செத்துரும். போன தடவ அனுப்புனது முன் சீட்டு வரைக்குந்தான் எட்டுச்சு. அதான் திருப்பி அனுப்புனேன். அதுல நான் வேணும்னு கொறை சொல்லல, அளந்து பாத்துட்டுத்தான் சொன்னேன்.

இது எட்டுமா? எங்க, பிடிங்க அந்த முனைய. அங்க வச்சுப் பிடிங்க. இன்னும். எட்டுது. எட்டிட்டு மிச்சமும் கெடக்குது. மிச்சத்தச் சுருட்டி வச்சுக்கிறலாமா. ம். வெயில்ல காய்ஞ்சா குழாயே சூடாகித் தப்பாக் காட்டாதா? காட்டாது. சரி. நீங்க சொன்னா சரிதான். நான் கேட்டு வைக்கிறேன்.

என்ன சிரிக்கிறீங்க? நான் ஒண்ணு சொன்னா நீங்க பெட்டிக்குள்ளருந்து ஒண்ணு எடுக்குறீங்கன்னா? நல்ல யாவாரி நீங்க. பொழச்சுக்குவீங்க.

இன்னொரு கூத்துக் கேளுங்க. முன் சீட்டுக்கும் ஒரு ஆயில் பிரஷர் மீட்டரு வேணுங்கிறா. அவளுக்கு. நீங்க மட்டும் பாப்பீக, நான் என்னத்தப் பாக்குறது, பொம்ம மாதிரி உக்காந்து வாரதான்னா. வேடிக்கை பாருடி, மலையப் பாரு, மல்லப்புரத்துப் பக்கம் தோப்பப் பாருன்னேன். என் பாதிப் பிளேன் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரிய வேணாமாங்கிறா. வேணாம்னுட்டேன். அதுல நான் எறங்கி வரமாட்டேன். முன்னால ஒரு மீட்டரு இருந்து, அதுல முள்ளு விழுகிறத அவ பாத்து, திரும்பி என் மூஞ்சியப் பாத்தா, நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிறது? அது மட்டும் வேணாம். அதையும் கொண்டாந்திருக்கீங்களா. இந்த ஆகாத காரியத்துக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்கு.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிக்கிறேன். வாய் காயுது. ஷெட்டுக்குள்ள வந்தா இப்பல்லாம் எனக்கு வாய் காய ஆரம்பிச்சுருது.

என்ன கேட்டீங்க? இதுவரைக்கும் கண்மாய்ல உருட்டுனப்ப எந்த மீட்டர வச்சு உருட்டுனேன்னா? எதையும் வைக்கல. தரையில ஓடுறதுக்கு என்னத்துக்கு மீட்டரு. கண்மாய்க்குள்ள இங்கிட்டுக் கோடியிலருந்து அங்கிட்டுக் கோடிக்கு ஓட்டுறது, திருப்புறது, பிரேக் பாக்குறது. என்ஜினு என்ன சொல்லுதுன்னு இந்தக் காதுக்குத் தெரியாதா. பத்து வண்டிக்கு அங்கிட்டு ஒரு என்ஜின்ல வால்வு தட்டுனாலே சொல்லிருவேன். மீட்டரெல்லாம் காது இல்லாதவனுக்குன்னு படையில இருக்கயில ரொம்பப் பேசியிருக்கேன். பலகையில நாலு ஓட்டை மட்டுந்தான் இருந்துச்சு.

இல்ல, நாலும் நல்லாத்தான் இருக்கு. நான் எங்க வேணாம்னு சொன்னேன். நெசமா என்னதான் பிரச்சினைன்னா? ம்.

கொஞ்சம் இங்கிட்டு வாங்க. அடுப்படிச் சன்னலு அந்தப் பக்கந்தான் தொறந்திருக்கு.

ஒரு தடவ பறந்துருச்சு தம்பி. நான் பறக்க விடல, அதுவாப் போயிருச்சு.

ஆடி மாசம். மேக்க மலையத் தாண்டி காத்து வரும்ல, ஆளையே தள்ளிட்டுப் போற காத்து. அன்னைக்கு கொஞ்சம் வேகமா உருட்டி, வால் தூக்குதான்னு மட்டும் பாத்துட்டு நிப்பாட்டணும். அம்புட்டுத்தான் வேலை. முன் சீட்டுல எப்பவும் எடைக்கு மணல் மூட்டை கட்டுவேன். அன்னைக்கு மலையம்மா, மூட்டைய என்னத்துக்குச் சொமக்குறீக, என் எடையும் அதும் ஒண்ணுதான, நான் உக்காந்துக்கிறேன்னா. தரையில ஓடுறதுதானன்னு நானும் சரின்னுட்டேன். காத்த எதுத்து ஓட்டுனேன். வால் தூக்குச்சு. சரி கொறைப்போம்னு கைய கொண்டு போறேன், ஒரு வீச்சு வீசுச்சு பாருங்க, அடியில கடகடன்னு கேட்டுக்கிட்டிருந்த சத்தம் நின்னு போச்சு. சக்கரம் தரையில இல்ல.

பனைமரத்துல பாதி ஒசரம் இருக்கும். எதுக்க கண்மாய்க் கரை வருது. பட்டுன்னு என்ஜின அடக்குனா கல்லு மாதிரி விழும், அடக்காம விட்டா கரைப் பனையில போயி மோதணும், தூக்கிட்டுப் போவோம்னா இந்த என்ஜின் தாங்குமா தாங்காதான்னு தெரியணும். பலகையப் பாத்தேன் தம்பி. நாலு ஓட்டை. ஓட்டை வழியா அவ சேலைதான் தெரிஞ்சது. என்னமோ காது காதுன்னு பீத்திக்கிட்டேனே, அன்னைக்கு அந்தக் காது ஒரு வார்த்த சொல்லல. நல்லா ஓடுதா, சாகப் போகுதா, ஒண்ணும் புரியல. என் நெஞ்சு அடிக்கிறது மட்டுந்தான் கேட்டுச்சு. என்ன செஞ்சேன்னு இன்னைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கை அதுவா பாதியக் கொறச்சிருக்கு. மொதல்ல ஒரு அடி, அப்பறம் ஒரு அடி, சக்கரத்து இரும்பு வளைஞ்சு, கரைக்கு இந்தாண்ட வந்து நின்னுச்சு. நான் எறங்கல.

அவ திரும்பிப் பாத்தா. சிரிக்கிறா. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் அவகிட்டப் பாத்ததில்ல. கை ரெண்டையும் தூக்கித் தட்டுறா, சொல்லாமக் கொள்ளாம என்னத் தூக்கிட்டுப் போயிட்டீகளேங்கிறா. அவளுக்குன்னே நான் செஞ்சேன்னு நெனைச்சுக்கிட்டா. பேப்பர் வார வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, நமக்குள்ள இருக்கட்டும்னு அவதான் என்கிட்டச் சத்தியம் வாங்குனா. அன்னையிலருந்து தையல் மிசின்ல உக்காந்தாலும் வாசல் வழியா வானத்தத்தான் பாக்குறாளாம், கடைப்புள்ளைக சொல்லிச் சிரிக்குதுக. நான் எப்படி வாயத் தொறக்குறது? உன்னக் கொல்லப் பாத்தேன்டி, அது தெரியாம நீ கை தட்டுறன்னு சொல்லவா?

அதுக்கப்பறம் நான் இதுல ஏறல. என்ஜின ஓடவிட்டுப் பக்கத்துல நிப்பேன், சக்கரத்து இரும்ப நிமித்திட்டேன், கல்லுல மோதுனதுன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். ஏறலாம்னு ஒரு கால வைப்பேன், வேர்த்துரும், எறங்கிருவேன். பயந்தான் தம்பி, வேற என்ன. மீட்டரு இல்லாமப் போனதுனாலதான் பயம்னு மொதல்ல நெனைச்சேன். நல்ல மீட்டராப் பாத்து மாட்டுனா போயிரும்னு நெனைச்சேன். ஒவ்வொரு கொரியர் பெட்டியும் பிரிக்கிறப்ப பாத்தா, எல்லாம் நல்ல மீட்டராத்தான் இருக்கு. அதான் திருப்பி அனுப்பிருறேன்.

இருங்க, கதவு சத்தம். சாப்பிடக் கூப்பிட வாரா. எதெது அமைஞ்சதுன்னு உங்களத்தான் கேப்பா, என்னக் கேக்க மாட்டா. நாலும் சுத்தமான மீட்டரு, அத நானே ஒத்துக்கிறேன். நீங்க மட்டும் இதுல ஏதாச்சும் ஒண்ணு சரியில்ல, வேற வரணும்னு சொல்லிருங்க தம்பி. எதுன்னு நீங்களே எடுத்துக்கங்க.